ஒரு ரூபாய் வரம்பும் சோடாக்காரரின் குதிரையும்

ஜெயிக்கிறவனைக் கண்டால் எரிச்சலும், தோற்கிறவனைக் கண்டால் கோபமும் ஒரே மூச்சில் வரக்கூடிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்டில், பிளாக்பள்ளியில், சோடா ஃபாக்டரி வைத்திருந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையின் உறை மேலேயே 'சோடாக்காரர் அவர்கள்' என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஃபாக்டரி என்றதும் புகைபோக்கியைத் தேடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, கையால் சக்கரம் சுற்றும் ஒரு காஸ் மிஷின், மலைமலையாகக் கோலி சோடா பாட்டில்கள், வாசலில் லில்லி என்கிற வெள்ளைக் குதிரை. அவ்வளவுதான். லில்லிக்கு வண்டியோட்டி ஒரு அலங்காரம். எந்தக் கடைக்கு சோடா போடவேண்டும் என்பது அதற்கே தெரியும். கடை வாசலில் தானே நிற்கும். பாட்டில்கள் கிணுகிணுவென்று இறங்குகிற சத்தம் காதில் விழுந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். கவர்னரே குறுக்கே வந்தாலும் அதற்கு முன்னால் நகராது.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய கதை இது. சோடாக்காரர் சொந்தச் செலவில் ஒரு வெள்ளிக் கோப்பை செய்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அல்சூர் பக்கத்து மைதானத்தில் பந்தாட்டப் போட்டி நடத்திவந்தார். பந்தாட்டத்தில் அவருக்கு ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். பந்தைக் காலால் உதைப்பதா, கையால் எறிவதா என்பதிலேயே அவருக்குத் தெளிவு கிடையாது. நான் அல்சூர் டீமின் கோல்கீப்பர். ஓர் ஆபீசில் ரைட்டர் வேலை பார்த்தேன். இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பாவத்துக்காகக் கோப்பைக் கமிட்டிக்கு என்னையே காரியதரிசியாக்கி வைத்தார். நான் பந்தைப் பிடித்து அவர் பார்த்ததில்லை. மற்றவர்களும் பார்த்ததில்லை.

ஒரு நாள் மில் டீம் எங்களைச் சட்டினி அரைத்த பிறகு, ஏழாவது கோலோ எட்டாவது கோலோ, கணக்கு எனக்கே விட்டுப்போயிற்று, சோடாக்காரர் என்னைத் தன் ஐஸ் பெட்டிமேல் உட்காரவைத்துக் கேட்டார்:

"ரைட்டரே, ஜனம் ஏன் பாதி ஆட்டத்துலயே வூட்டுக்குப் போயிடுச்சு?"

"மில்லுதான் ஜெயிக்கும்னு தெரிஞ்சுபோச்சு, அதான் போயிட்டாங்க."

"அதேதான்! யாரு ஜெயிப்பான்னு தெரிஞ்சா எவன் கத்துவான்? ஆளுக்கு ஒரு கோலு போட்டு நின்னா ஜனம் கத்தும். கத்துனா தொண்ட காயும். தொண்ட காஞ்சா?"

"சோடா" என்றேன்.

"அம்மட்டுதான் வெளையாட்டு!" என்று முதுகில் ஓர் அறை வைத்தார். கோலியைக் கட்டைவிரலால் அழுத்தி சோடா உடைக்கிற கை அது. நாலு நாள் நான் குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

மில் டீம் எப்போதும் ஏன் ஜெயித்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. தண்டில் எவன் நன்றாக உதைத்தாலும் மில் மேஸ்திரி வந்து, மற்றவர்கள் கொடுப்பதைப்போல் நாலைந்து மடங்கு ஆட்டக்கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் சின்னப்பனையும் அப்படித்தான் கொண்டுபோனார். சின்னப்பன் சுவருக்கு வெள்ளையடிக்கிறவன். மாதா கோயிலுக்குப் பின்சந்தில் குடியிருந்தான். வெறுங்காலால் அவன் அடிக்கிற பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். மில் கூப்பிட்டபோது மறைக்காமல் என்னிடமே சொன்னான்:

"கோச்சுக்காத ரைட்டர் அண்ணே. இந்த மொழங்காலு இன்னும் ரெண்டு மழைகூடத் தாங்காது. ஏணியில ஏறுனாவே பின்னுது. ஒரு ஜட்கா வாங்கிப்புட்டேன்னா ஒக்காந்துகிட்டே கஞ்சி குடிப்பேன். வண்டிக்குச் சேத்துட்டேன். குதிரைக்குத்தான் பாக்கி. மில்லு குடுக்குற அஞ்சு ரூவாய வுட்டா எனக்கு வேற வழி கெடையாது."

நியாயமான பேச்சு. வாழ்த்தி அனுப்பினேன். அடுத்த ஞாயிறே எனக்கே நாலு கோல் போட்டான்.

சோடாக்காரர் பல நாள் காஸ் மிஷின் அருகில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு எல்லா டீம்காரர்களையும் ஃபாக்டரிக்குக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் எந்த டீமும் எந்த ஆட்டக்காரனுக்கும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் கொடுக்கக்கூடாது. "பணக்கார டீமும் ஒரு ரூவா, ஏழை டீமும் ஒரு ரூவா. நல்ல ஆட்டக்காரனெல்லாம் தன்னால பரவிடுவான். ஆட்டம் சரிக்குச் சரியா நிக்கும்" என்றார்.

கேட்க ரொம்ப அழகாக இருந்தது. மில் மேஸ்திரி பலகையை விட்டு எழுந்து சண்டைக்கு வருவார் என்று நான் என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவரோ முதல் ஆளாகக் கைதட்டினார்!

"பிரமாதம் சோடாக்காரரே. ரொம்ப நியாயம். ரொம்ப தர்மம்."

மடியில் இருப்பதைப் பிடுங்கும்போது ஒரு மனிதன் ஏன் கைதட்டுகிறான்? எனக்குப் புரியவில்லை. அன்று ஆரம்பித்த குழப்பம்தான், இன்னும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

சட்டம் வந்த முதல் மாதமே வேடிக்கை தொடங்கிவிட்டது. மார்க்கெட் டீமை நடத்தியவர் பாபு பாய். கறிக்கடைக்காரர். கையில் ஒரு ரூபாய் கொடுத்தார், சட்டப்படி. கூடவே இலையில் கட்டி ஆட்டுத்தொடை கொடுத்தார். சட்டத்தில் ஆட்டுக்கு வரம்பு இல்லையே! சேதி கேட்டதும் சோடாக்காரர் கொதித்துப்போனார். ஞாயிறு மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் குடியிருக்கும் சந்துகளில் நடந்தார். ஒவ்வொரு ஜன்னல் கீழும் நின்று மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிப்பார்.

"அவரக்கா... இங்க கருவாடு... ரைட்டரே, நில்லு! கறி!"

அது மார்க்கெட் டீம் பேக் ஆட்டக்காரனின் வீடு. அவன் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எந்தம்பி ஊர்லேந்து வந்திருக்கான், கறி எடுத்தோம். அதுக்கும் ஒங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

தம்பி நிஜமாகவே உள்ளே உட்கார்ந்திருந்தான். சோடாக்காரர் அவனைக் குறுக்கு விசாரணை செய்ய உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தவருக்கு இலை போடாமல் இருப்பார்களா? போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் தீர்ப்புச் சொன்னார்: "இது கூலிக்கு வந்த கறி இல்ல ரைட்டரே. கூலிக் கறின்னா இவ்ளோ ருசி இருக்காது."

பாபு பாய் சும்மா விடுவாரா? நேரே ஃபாக்டரிக்கு வந்துவிட்டார். "க்யா சோடாக்காரரே, குதிரைக்குக் கொள்ளு போட்டாத்தான ஓடுது? எம்பசங்களுக்கு நான் கறி போட்டா மட்டும் தப்பா?" என்றார். சோடாக்காரர் திரும்பி லில்லியைப் பார்த்தார். லில்லி கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

மில்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஒரு ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கூலி கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சின்னப்பனுக்கு மில்லில் ஓர் உத்தியோகம் கொடுத்தார்கள், பின்பக்கக் கேட் காவல். சோடாக்காரர் அந்தக் கேட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்றார். போனோம். மில்லின் பின்பக்கம் ஒரே சுவர். மூலையிலிருந்து மூலைவரை நடந்து பார்த்தோம். சுவர் ஓரமாக ஸ்டூல் போட்டு, சின்னப்பன் மூட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கேட்டு எங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார் சோடாக்காரர்.

"இனிமேத்தான் கட்டணும்."

"கட்டுற மட்டும் இவன் என்னத்த காக்குறான்?"

"எடத்தத்தான்."

சோடாக்காரர் மறுநாளே சட்டத்தை இறுக்கினார். கறி, துணி, உத்தியோகம், டீத்தண்ணி எதுவானாலும் ஒரு ரூபாய்க்குள் அடக்கம். தனக்கென்று சலுகை எடுத்துக்கொள்ளவும் மாட்டார். இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு இனாமாகக் கொடுத்த சோடாவும் கணக்கில் சேர்ந்தது. ஆகவே அந்த வருஷம் தண்டின் பந்தாட்டக்காரன் ஒவ்வொருவனும் சட்டப்படி வாங்கியது பதினைந்து அணாவும் ஒரு சோடாவும்.

இதற்கு மேல்தான் என் தலை சுற்ற ஆரம்பித்தது. நல்ல ஆட்டக்காரன் பரவுவான் என்றார் அல்லவா, பரவினான். சின்னப்பன் எங்கள் டீமுக்கே திரும்பி வந்தான். ஸ்டூலும் போய்விட்டது, அஞ்சு ரூபாயும் போய்விட்டது. "எங்க ஆடுனாலும் ஒரே கூலி. அப்புறம் எதுக்கு மில்லு வரைக்கும் இந்தக் கால இழுத்துக்கினு நடக்கணும்? ஒங்க மைதானம்னா வூட்டுக்குக் கிட்ட" என்றான். குதிரையைப் பற்றிக் கேட்டேன். "குதிரையா? பதினஞ்சு அணாவுல வாலுகூட வராது அண்ணே" என்று சிரித்தான். சிரிப்பு சரியாக இல்லை.

இதே கணக்கில் மில்லுக்குத் தூரமாக இருந்த வேறு இரண்டு மூன்று சூரர்களும் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். விளைவு? நாங்கள் எல்லோரையும் துவம்சம் செய்தோம். ஆறு கோல், ஏழு கோல். பந்து என் பக்கமே வராததால் நான் பெரிய கோல்கீப்பர் என்று பெயர் வாங்கிவிட்டேன். பாதி ஆட்டத்தில் ஜனம் வீட்டுக்குப் போயிற்று. சோடா அப்படியே நின்றது. அதே நோய்தான், நோயாளி மட்டும் வேறு.

சோடாக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஒரு வருஷத்துக்கு முன் எங்களுக்காகச் சட்டம் போட்ட மனிதர் அவர்!

இறுதி ஆட்டம் எங்களுக்கும் மில்லுக்கும். இடைவேளைக்குள் சின்னப்பன் மூன்று கோல் போட்டுவிட்டான். ஜனம் துண்டை உதறி எழுந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் சோடாக்காரர்.

"ரைட்டரே, ஸ்வல்ப ஒதுங்கி நில்லுப்பா. ரெண்டே ரெண்டு கோலு வுடு. ஜனம் போவுது பாரு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "போன வருஷம் அத்தன கோல் விட்டேனே, அப்பல்லாம் திட்டினீங்களே?"

"போன வருஷம் தப்பான சமயத்துல வுட்ட!"

முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சரி, ஒன்று விட்டுத் தொலைப்போம் என்று ஒதுங்கினேன். மில்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டு, நான் ஒதுங்கி நின்ற இடத்துக்கே தேடிவந்து, என் முதுகில் மோதி வெளியே போயிற்று. மைதானமே "ஆஹா!" என்றது. என் ஆட்ட வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே பந்து அதுதான், முதுகால். சோடாக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த நிமிஷம் மைதானத்தின் நடுவில் ஓர் அலறல். சின்னப்பன் கீழே கிடந்தான். அவன் பயந்துகொண்டே இருந்த அந்த முழங்கால் திரும்பிவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய், கம்பத்துக்குப் பக்கத்திலிருந்த தூங்குமூஞ்சி மர நிழலில் கிடத்தினார்கள்.

அவன் இல்லாத எங்கள் டீம் பல் போன சீப்பாகிவிட்டது. மில் ஒரு கோல் போட்டது. இன்னொன்று போட்டது. மூன்றாவதும் போட்டுவிட்டது. மூன்றுக்கு மூன்று! போன ஜனமெல்லாம் ஓடி வந்தது. கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல். யார் ஜெயிப்பார்கள் என்று சத்தியமாக யாருக்கும் தெரியாது. அல்சூர் ஏரியையே பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தாலும் விற்றிருக்கும். சோடாக்காரர் ஆயுள் முழுக்கக் கனவு கண்ட ஆட்டம் அது.

ஆனால் சோடாக் கடையில் ஆள் இல்லை. ஜனம் தானே பாட்டிலை எடுத்தது, தானே உடைத்தது. காசு போட்டவன் போட்டான். சோடாக்காரர் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோடாவுக்கு வைத்திருந்த ஐஸ் கட்டியை மரத்தூளோடு எடுத்துவந்து, மேல்துண்டில் சுற்றிச் சின்னப்பன் முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்னப்பன் சொன்னது கம்பத்தடியில் நின்ற எனக்கே கேட்டது.

"ஐயா, எங்கூலிக்கு வரம்பு வச்சீங்க. ஒங்க சோடாவுக்கு யாராச்சும் வரம்பு வச்சாங்களா? இன்னிக்கு இந்தக் கூட்டம் என் காலப் பாக்க வந்த கூட்டம். மில்லு எனக்குக் குடுத்துக்கிட்டிருந்த மிச்சக் காசு இப்ப எங்க ஐயா இருக்கு?"

சோடாக்காரர் ஐஸை இன்னொரு பக்கம் மாற்றி வைத்தார்.

நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். "ஏய் ரைட்டர்!" என்று ஊரே கத்தியது. திரும்பினால் பந்து மூக்குக்கு நேரே வருகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கம்பத்துக்கு உள்பக்கம் போயிற்றா, வெளிப்பக்கம் போயிற்றா? அந்த நாளில் கோலுக்கு வலை கிடையாது. மில் 'கோல்' என்றது, நாங்கள் 'இல்லை' என்றோம். ரெஃபரியைத் தேடினால் அவர் சோடா உடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைக் கேட்டார்கள். கண்ணை மூடியவனுக்கு என்ன தெரியும்? அந்த ஆட்டம் இன்றைக்கும் முடியவில்லை. கோப்பை கடைசிவரை காஸ் மிஷின் மேலேயே இருந்தது.

மறுநாள் காலை சோடாக்காரர் என்னை அழைத்துக்கொண்டு மில்லுக்குப் போனார்.

"மேஸ்திரி, சின்னப்பனுக்குக் குடுத்துக்கினு இருந்தீங்களே, வரம்பு வந்தப்பறம் அந்த மிச்சம் எங்க?"

"மில்லுலதான் இருக்கு."

"மில்லு என்னா, பந்து ஒதச்சுதா?"

மேஸ்திரி இந்தத் தடவை கைதட்டவில்லை. மில் டீம் கோப்பையிலிருந்து விலகிக்கொண்டது. மில் இல்லாத கோப்பைக்கு மற்றவர்களும் வரவில்லை. அடுத்த வருஷம் போட்டியே நடக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து பிளாக்பள்ளித் தெருவில் ஒரு காட்சி. சோடாப் பெட்டிகள் அடுக்கிய கைவண்டியை வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார் சோடாக்காரர்.

"லில்லி எங்கே?" என்றேன்.

"வயசாயிடுச்சு. தொரத்திட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அந்த வாரமே தண்டு ஸ்டேஷனில் இறங்கி ஜட்கா கேட்டேன். முன்னால் வந்து நின்ற வண்டியில் வெள்ளைக் குதிரை. மேலே சின்னப்பன், ஒரு காலை நீட்டிக்கொண்டு.

"ஏறு அண்ணே! ஆனா மொதல்லயே சொல்லிப்புடறேன், அவசர வேலன்னா வேற வண்டியில போ."

ஏறின பிறகுதான் விஷயம் புரிந்தது. வழியிலிருந்த ஒவ்வொரு சோடாக் கடை வாசலிலும் லில்லி நின்றது. அதட்டினாலும் தட்டினாலும் பலனில்லை. சின்னப்பன் காலடியில் இரண்டு காலிப் பாட்டில்கள் வைத்திருந்தான். ஒன்றோடொன்று கிணுகிணுவென்று தட்டினான். உடனே லில்லி கிளம்பிவிட்டது.

"காசு குடுக்கப் போனேன் அண்ணே. கைவண்டிய என்மேலயே ஏத்த வந்தாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

நான் நேரே ஃபாக்டரிக்குப் போனேன். "காரியதரிசிங்கிற முறையில கேக்கறேன். ஒரு ஆட்டக்காரனுக்கு ஒரு குதிரையையே கொடுத்திருக்கீங்க. இது வரம்பு மீறினதில்லையா?"

"வரம்பு ஆடுறவனுக்குய்யா. ஆடி முடிச்சவனுக்கு ஏது வரம்பு?" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கி, "எனக்கும் ஒண்ணும் வெளங்கல ரைட்டரே. எல்லாரும் சரிக்குச் சரியா இருக்கட்டும்னுதான் பாத்தேன். எவன் சோத்துல கை வச்சேன்னே தெரியல. தலைய சுத்துது. நீ ஒரு சோடா குடி" என்றார்.

குடித்தேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

யுத்தத்தின் நடுவில் அவர் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாள் கழித்து நான் சின்னப்பனின் ஜட்காவில் அந்தப் பக்கமாகப் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. லில்லி தானாகவே அதன் வாசலில் போய் நின்றது. அந்த முரட்டு மனிதரிடம் எனக்கு இருந்த பிரியம் அவர் இருந்தவரை எனக்கே தெரியாது. எனக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சின்னப்பன் பாட்டில்களைக் கையில் எடுத்து, திரும்பி என்னைப் பார்த்தான்.

"இருக்கட்டும்ப்பா, அவசரமில்ல" என்றேன்.